முழங்கைக்குள் ஒரு வளையல்

நான் இழுத்தேனா, அவள் உட்கார்ந்தாளா?

இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. நான் வேலை செய்வது மென்பொருள் சோதனைப் பிரிவில். ஒரு பிழை வந்தால் முதலில் அதை மறுபடி வரவழைத்துப் பார்ப்போம். எதைத் தொட்டால் வருகிறது, எதைத் தொடாவிட்டால் வருவதில்லை என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. என் மகளின் முழங்கை விஷயத்தில் அதைச் செய்ய முடியாது. செய்யவும் கூடாது. அதனால் மனத்துக்குள் மட்டும் அந்தச் சாயங்காலத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். சில நாள் நான் இழுக்கிறேன். சில நாள் அவள் உட்காருகிறாள்.

நாங்கள் குடியிருப்பது பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில். நான் கரூர்ப் பக்கம், கணவர் மதுரைப் பக்கம். இருவரையும் இங்கே கொண்டுவந்து போட்டது வேலை. மகளுக்கு அப்போது இரண்டு வயது முடிந்திருந்தது. சாயங்காலம் ஏரிக்கரைப் பூங்காவுக்கு மூன்று பேரும் நடக்கப் போவோம். நடைபாதை ஓரிடத்தில் லேசாகச் சரிந்து இறங்கும். அந்த இடம் வந்ததும் அவள் நின்று இரண்டு கைகளையும் மேலே தூக்கி, "பற" என்பாள். பறக்க வேண்டும் என்பதற்கு அவளிடம் இருந்த முழு வாக்கியம் அது. ஒரு கையை அவர் பிடிப்பார், இன்னொன்றை நான். "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லிக்கொண்டே நடப்போம். மூன்று வரும்வரை அவளுக்குப் பொறுமை இருக்காது, அதற்குள் காலை மடக்கித் தூக்கிவிடுவாள். சரிவு முழுக்கப் பறந்துகொண்டே இறங்குவாள். எதிரே வேகநடை நடந்து வருபவர்கள் ஒதுங்கி வழிவிட்டுச் சிரிப்பார்கள். அந்த நாளின் மிக நல்ல பகுதி எங்கள் மூவருக்குமே அதுதான்.

அன்றும் பறந்துவிட்டுத்தான் வந்தோம். வாசலுக்கு வெளியே ஒருவர் சோப்புநீர்க் குமிழி ஊதி விற்றுக்கொண்டிருந்தார். கணவர் வண்டியை எடுக்க முன்னால் போய்விட்டார். மகளின் இடது கை என் கையில் இருந்தது. அவளுக்குக் குமிழிகளை விட்டு வர மனமில்லை. எனக்கோ ஒரு மீட்டிங். "வாடா தங்கம், நேரமாச்சு" என்று ஓரடி எடுத்து வைத்தேன். அவள் தன்னுடைய வழக்கமான போராட்டத்தைத் தொடங்கினாள். அதாவது முட்டியை மடக்கி, உடம்பு முழுவதையும் அப்படியே தரையில் விட்டுவிடுவாள். சாக்கு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி உட்கார்ந்துவிடுவாள். என் கை மேலேயே இருந்தது. அவள் கை அதற்குள் இருந்தது. நடுவில் அந்தச் சின்னக் கை நேராக நீண்டது.

'டக்.'

காதில் கேட்கவில்லை. என் விரலில் தெரிந்தது.

பிறகு அழுகை. குமிழிக்காக அழுகிற அழுகை எனக்குத் தெரியும், இது அது இல்லை. கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. ஆனால் இடது கை வயிற்றோடு ஒட்டித் தொங்கியது, உள்ளங்கை உள்பக்கம் திரும்பியபடி. பயந்துபோய்க் குமிழிப் புட்டி ஒன்றை வாங்கி நீட்டினேன். வலது கையால் வாங்கிக்கொண்டாள். வேண்டுமென்றே இடது பக்கமாக இன்னொன்றை நீட்டினேன். அதைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கையைத் தூக்கவே இல்லை. அவளை அள்ளிக்கொண்டு போய்க் கணவரின் வண்டியில் பின்னால் ஏறினேன்.

எங்கள் தெருமுனையில் இட்லி மாவு விற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். பருத்திப்பட்டு இன்னும் வயலாக இருந்த காலத்திலிருந்து அவர் குடும்பம் இங்கேதான். வண்டியை நிறுத்தச் சொல்லி, குழந்தையை ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னாமே, கொயந்த கைய ஆட்டாம கீது?"

சொன்னேன்.

"ஒண்ணியும் இல்ல, உரம் உயுந்துகீது. பொடவைல போட்டு நாலு உருட்டு உருட்டுனா சரியாப்பூடும். தோ, நான் ஒரு பக்கம் புடிக்கிறேன், நீ ஒரு பக்கம் புடி."

உரம் விழுவது என்றால் என்னவென்று கரூரில் வளர்ந்த எனக்கும் தெரியும். கைக்குழந்தை விடாமல் அழுதால், எங்கோ சதை பிடித்துக்கொண்டது என்று சொல்லி, பழைய புடவையில் கிடத்தி இரண்டு பெண்கள் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இப்படியும் அப்படியும் உருட்டுவார்கள். அக்கா பேசி முடிப்பதற்குள் கொடியில் காய்ந்த புடவையை உருவியே விட்டார். கணவர் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் 'போட்டுப் பாப்பமா' என்று எழுதியிருந்தது. எனக்கும் ஒரு நொடி ஆசை வந்தது. உருட்டினால் சரியாகிவிடும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

"வேண்டாங்க்கா, டாக்டர்கிட்ட காட்டிடுறோம்" என்றேன்.

"தோடா! படிச்ச புள்ளிங்க" என்று புடவையை மறுபடி கொடியில் போட்டார். ஆனால் அந்தப் பக்கம் போன ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தியதும் அவர்தான். "அண்ணாத்தே, கொயந்தைக்கு கை வலி. பள்ளம் பாத்து ஓட்டிகினு போ, இன்னா?"

ஆவடியில் குழந்தை மருத்துவர் ஒருவரைப் பார்த்தோம். குரல் பெரிதான மனிதர். உள்ளே போனதும் கையைத் தொடாமல் தூரத்திலிருந்தே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "யார் இழுத்தது?" என்றார்.

"நாந்தேன் சார். அந்தச் சரிவுல தூக்கி ஆட்டுனோம்" என்றார் கணவர்.

"இல்ல சார், என் கையிலதான். ஆனா நான் இழுக்கல, அவளா உக்காந்தா. இல்ல, நான் ஒரு அடி எடுத்து வச்சேன். அதுவும் இழுத்த மாதிரிதானோ..."

"அம்மா, கேஸ் போடுறதுக்குக் கேக்கல. விழுந்தாளா, இழுபட்டாளான்னு தெரிஞ்சா போதும்" என்று சிரித்தார்.

மகளை என் மடியில் உட்கார வைத்து, ஒரு கையால் அவள் முழங்கையைத் தாங்கி, கட்டைவிரலை வெளிப்பக்கம் ஓரிடத்தில் வைத்தார். இன்னொரு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்து, கதவுக் குமிழைத் திருப்புகிற மாதிரி ஒரு திருப்புத் திருப்பினார். அவள் வீறிட்டாள். அவர் கட்டைவிரல் எதையோ உணர்ந்தது போலத் தலையாட்டினார். "முடிஞ்சுது. வெளிய போய் உக்காருங்க. நான் கூப்பிடுறேன்."

இவ்வளவுதானா என்று சந்தேகத்தோடு வெளியே வந்தோம். எக்ஸ்ரே இல்லை, கட்டு இல்லை. இவர் சரியாகப் பார்த்தாரா, வேறு யாரிடமாவது காட்டலாமா என்று நான் ஆரம்பித்தேன். கணவர் குனிந்து என் மடியில் இருந்த மகளிடம், "வலிக்குதாடா?" என்றார். அப்போது, ஒன்றுமே நடக்காதது போல, இடது கை மேலே எழுந்தது. நேராகப் போய் அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கியது.

வேறு எந்த நாளாக இருந்தாலும் "ஏய்" என்று அதட்டியிருப்பார். அன்று, "எடுத்துக்கடா, நல்லா எடுத்துக்க, உடைச்சுக்கூடப் போடு" என்றார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதிரே நிற்கிற ஆள் தெரியாது. கண் கலங்கியிருந்ததால் கண்ணாடி இருந்திருந்தாலும் தெரிந்திருக்காது. நான் சத்தமாகச் சிரித்தேன். காத்திருந்த அறையே எங்களைத் திரும்பிப் பார்த்தது.

மறுபடி உள்ளே போனபோது மருத்துவர் என் மகளின் கையில் இருந்த பிளாஸ்டிக் வளையலை வைத்தே விளக்கினார்.

"முன்கையில ரெண்டு எலும்பு. கட்டைவிரல் பக்கம் இருக்கிற எலும்போட மேல்நுனி உருண்டையா இருக்கும். நாம கையைத் திருப்பும்போது அது அந்த இடத்துலயே நின்னு சுத்தும். அது விலகாம இருக்க, சுத்தி ஒரு வளையம் மாதிரி நார் கட்டியிருக்கு. இந்த வளையல் மாதிரின்னு வச்சுக்குங்க." மகளின் விரல்களைக் குவித்து வளையலை நழுவவிட்டார். சுலபமாகக் கழன்று வந்தது. "பாருங்க, சின்னக் கை. எலும்போட தலை இன்னும் திரளல, நாரும் இளசு. கை நேரா நீண்டு, உள்ளங்கை கீழே பாத்து இருக்கிறப்ப ஒரு இழுப்பு வந்தா, வளையம் நழுவி மூட்டு இடுக்குல மாட்டிக்கும். எலும்பு உடையல, நார் அறுந்தும் போகல. மாட்டிக்கிட்டதை எடுத்து விட்டாச்சு." பிறகு என் கண்ணாடி வளையலைக் காட்டினார். "இதை அப்படிக் கழட்ட முடியுமா? உங்களுக்கே சோப்பு போடணும். அஞ்சு வயசு வாக்குல இவளுக்கும் அந்த வளையம் அப்படி இறுகிடும். அதுவரைக்கும் கையைப் பிடிச்சுத் தூக்கக் கூடாது. ஒருதரம் நழுவினது இன்னொருதரமும் நழுவலாம்."

"அப்ப யார் மேல தப்பு சார்? நான் இழுத்ததாலயா, அவ உக்காந்ததாலயா?"

"வளையத்துக்கு அது தெரியாதும்மா. ஒரு பக்கம் உங்க கை, ஒரு பக்கம் அவ உடம்பு. நடுவுல இழுபட்டுச்சு. யார் பக்கம் இருந்து வந்தாலும் இழுப்பு இழுப்புதான்."

அவர் என்னை ஆறுதல்படுத்தத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாகவும் இருந்தது, இல்லாமலும் இருந்தது.

மருத்துவர் சொன்னது கையைப் பிடித்துத் தூக்காதே என்பது மட்டும்தான். வீட்டுக்கு வருவதற்குள் நான் அதைக் கையையே பிடிக்காதே என்று ஆக்கிக்கொண்டேன். கணவரிடம் சொன்னேன், கரூருக்குப் போன் போட்டுச் சொன்னேன், குழந்தைகள் காப்பகத்தில் சொன்னேன். சட்டை மாட்டும்போது இடது கையைக் கண்ணாடிப் பாத்திரம் போலக் கையாண்டேன். தெருவில் நடக்க விட்டால் கையைப் பிடிக்க வேண்டிவரும், ஆகவே நடக்கவே விடவில்லை. படி, பள்ளம், மழைநீர், மாவுக்கடை என எல்லா இடத்துக்கும் தூக்கிக்கொண்டே போனேன்.

இணையத்தில் பார்த்து, குழந்தையின் முதுகில் மாட்டுகிற, வார் வைத்த ஒரு பையும் வாங்கினேன். வாரின் நுனி நம் கையில் இருக்கும். அதை மாட்டிக்கொண்டு இறங்கிய முதல் நாளே அக்கா பார்த்துவிட்டார்.

"இன்னா தங்கச்சி, கொயந்தய வளக்கறியா, ஆட்டுக்குட்டி வளக்கறியா? தழை கிழை வோணுமா?"

அன்றோடு அந்தப் பை அலமாரிக்குப் போனது. மகள் மறுபடி இடுப்புக்கு வந்தாள்.

இதில் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது ஏரிக்கரைச் சரிவுதான். அங்கே வந்ததும் அவள் என் இடுப்பிலிருந்து நழுவி இறங்குவாள். வழக்கமான இடத்தில் நிற்பாள். இரண்டு கைகளையும் தூக்கி, "பற" என்பாள். நானும் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். "பறவை பாரு, அங்க பாரு பறவை" என்று ஏரிப்பக்கம் காட்டுவேன். அவள் பறவையைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு மறுபடி கையைத் தூக்குவாள். அவளுக்குப் பறவையைப் பார்க்க வேண்டியதில்லை. ஐந்து வயதுவரை இப்படிக் கையைத் தூக்கிக்கொண்டே இருப்பாளா, இல்லை சீக்கிரமே கேட்பதை விட்டுவிடுவாளா? இரண்டில் எது மோசம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு காலையில் தோசைக்கல்லைத் தூக்கினேன். வலது முழங்கையின் வெளிப்பக்கத்தில் ஊசி குத்தினது போல ஒரு வலி. கல் அடுப்பிலேயே 'டங்' என்று விழுந்தது. கணவர் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே ஓடிவந்தார்.

"என்னாச்சு?"

"எனக்கும் வளையம் நழுவிருச்சுங்க!"

வாய் நிறைய நுரையோடு அவர் சிரித்ததை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் எனக்கு உண்மையிலேயே அந்தப் பயம்தான். மகளுக்கு மருத்துவர் கட்டைவிரல் வைத்த அதே இடம். குக்கர் மூடி திறக்க முடியவில்லை, துணி பிழிய முடியவில்லை, தண்ணீர்க் குவளையைத் தூக்கினால்கூடக் குத்தியது. அலுவலகத்தில் மவுஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டு நாள் முழுக்கத் தப்புத் தப்பாக அழுத்தினேன்.

பூந்தமல்லி போகிற சாலையில் ஒரு பிசியோதெரபி மையம் இருக்கிறது. அங்கிருந்த பெண் என்னைவிடச் சின்னவர், நெமிலிச்சேரியிலிருந்து வருகிறவர். என் மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லி, அவர் கீழே அழுத்தினார். "ஆ!" என்றேன்.

"டென்னிஸ் எல்போ மேடம். டென்னிஸ் ஆடுவீங்களா?"

"கேரம்கூட ஆடினதில்ல."

அறையின் மூலையில் வண்ண வண்ண ரப்பர் பட்டைகளை இழுத்து விளையாடிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள். "டக்?" என்று என்னிடம் கேட்டாள். அவள் அகராதியில் முழங்கை வலிக்கு அதுதான் பெயர். அவளுக்கு வளையம் நழுவியதைச் சுருக்கமாகச் சொன்னேன்.

"டக் இல்ல கண்ணு" என்றார் அந்தப் பெண். பிறகு என்னிடம், "பாப்பாவுக்குப் போனது எலும்பைச் சுத்தி இருக்கிற லிகமென்ட். உங்களுக்கு வலிக்கிறது டெண்டன், மசிலை எலும்போட கட்டுற நாண். ரெண்டும் அடுத்தடுத்த வீடுதான், பொதுச் சுவர்கூட இருக்கு. அதான் ஒரே இடம் மாதிரி தோணுது" என்றார்.

என் முன்கையின் மேல்பக்கத்தை விரலால் தடவிக் காட்டினார். மணிக்கட்டையும் விரல்களையும் மேலே நிமிர்த்துகிற தசைகள் எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன. ஓடி, ஓடி, முழங்கைக்கு வெளிப்பக்கம் இருக்கும் ஒரு சின்ன எலும்பு மேட்டில், கட்டைவிரல் நகம் அளவு இடத்தில், ஒரே நாணாகச் சேர்ந்து ஒட்டிக்கொள்கின்றன. உள்ளங்கையைக் கவிழ்த்து எதைத் தூக்கினாலும் மணிக்கட்டு தொங்கிவிடாமல் அந்தத் தசைகள்தான் இழுத்துப் பிடிக்கின்றன. தோசைக்கல்லோ குழந்தையோ, எல்லாப் பாரமும் கடைசியில் அந்த நகம் அளவு இடத்தில் வந்து நிற்கிறது.

"பாப்பாவ எப்படித் தூக்குறீங்க? காட்டுங்க."

காட்டினேன். அவளைப் பக்கவாட்டில் வளைத்து, வலது கையைக் கவிழ்த்துப் பிடித்து, உடம்பிலிருந்து தள்ளி ஒரு வீச்சில் தூக்கினேன்.

"அய்யோ மேடம்! ஒரு நாளைக்கு எத்தன தடவ?"

"அவ நடக்கறதே இல்லைன்னு வச்சுக்கங்களேன்."

"ஏன், நடக்க மாட்டாளா?"

மிச்சக் கதையையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, மகளின் கையைச் சாதாரணமாகப் பிடித்துக்கொண்டு அறையில் இரண்டு சுற்று நடந்தார். நான் பின்னாலேயே போனேன். ஒன்றும் ஆகவில்லை. "இழுக்கக் கூடாது, தூக்கக் கூடாது. பிடிக்கக் கூடாதுன்னு யாரு மேடம் சொன்னாங்க? இப்படித் தளர்வா இருந்தா அந்த லிகமென்ட்டுக்கு வேலையே இல்ல. அது பயந்துக்கவே பயந்துக்காது. நீங்கதான் அதுக்கும் சேத்துப் பயந்துருக்கீங்க."

"அப்ப என் கைக்கு? ஓய்வு கொடுத்தா சரியாயிடுமா?"

"வலி குறையும். பலம் வராது. மசில் லோக்கல் ட்ரெயின் மாதிரி, சட்டுனு கிளம்பும். டெண்டன் கூட்ஸ் வண்டி. எங்க ஸ்டேஷன்ல கேட் போட்டா பாத்திருப்பீங்களே, அது பாட்டுக்கு ஊர்ந்து போகும். ரத்தம் கம்மியாத்தான் வரும், சரியாக நாளாகும். அவசரப்படுத்தக் கூடாது, அதுக்காக ஷெட்ல நிறுத்தவும் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா பாரம் கொடுத்தாத்தான் நார் நேரா அடுக்கி வளரும்."

அவர் தந்த பயிற்சி வேடிக்கையானது. முன்கையை மேசையில் கிடத்தி, கையை மட்டும் விளிம்புக்கு வெளியே கவிழ்த்து, தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேலே தூக்குவதற்கு மற்ற கை உதவலாம். இறக்குவது மட்டும் வலிக்கிற கை, தனியாக, மிக மெதுவாக. நாணுக்கு நல்லது செய்வது அந்த இறக்கம்தானாம். குழந்தையைத் தூக்குவதென்றால் அக்குளுக்குக் கீழே, உள்ளங்கை இரண்டும் மேலே பார்க்க, நெஞ்சோடு அணைத்து. லேசான வலி இருக்கலாம், சீக்கிரம் அடங்கிவிட்டால் பயமில்லை என்றார். 'லேசான' என்றால் எவ்வளவு என்று நான் கேட்டதற்கு, "உங்களுக்கே தெரியும் மேடம்" என்றார். எனக்குத் தெரியாது என்பதுதான் என் பிரச்சினையே.

மறுநாளிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் இரண்டு கைகள். ஒன்று என்னுடையது, தண்ணீர் பாட்டிலோடு. இன்னொன்று அவளுடையது, உறிஞ்சிக் குடிக்கிற யானைப் படம் போட்ட பாட்டிலோடு. நான் மெதுவாக இறக்கினால் அவள் அதைவிட மெதுவாக இறக்குவாள், கண்ணை இடுக்கிக்கொண்டு. முடிந்ததும் எனக்குக் கைதட்டுவாள். தெருவிலும் அவளை நடக்க விட்டேன். ஆனால் பறத்தல் மட்டும் பாக்கி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட காலை. தெருவில் அங்கங்கே தண்ணீர் தேங்கி நின்றது. மாவு வாங்க மூன்று பேரும் போனோம். அக்கா கடை முன்னால் ஒரு நீளக் குட்டை. அதன் கரையில் மகள் நின்றாள். இரண்டு கைகளையும் தூக்கினாள். "பற."

நான் பழக்கப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இன்னாமே இது? கொயந்த ரெண்டு கையும் தூக்கிகினு நிக்குது, நீ பாட்டுக்கு கரண்ட் கம்பியப் பாத்துகினு கீற!"

விளக்கினேன். வளையம், ஐந்து வயது, தூக்கக் கூடாது. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார். பிறகு கொடியிலிருந்து அதே பருத்திப் புடவையை உருவிக்கொண்டு வந்தார்.

"கைய புடிச்சாத்தான ஆவாது? இதுல போடு. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் உன் ஊட்டுக்காரு."

புடவையை நான் வாங்கிப் பார்த்தேன். இரண்டாக மடித்தேன். வெளிச்சத்தில் பிடித்து நைந்த இடம் இருக்கிறதா என்று தேடினேன். முனையைக் கையில் சுற்றி இழுத்தேன். தொட்டில் போலத் தொங்குகிற துணியில் உடம்பு முழுவதும் உட்காரும். கை எதுவும் நீளாது, எந்த வளையமும் இழுபடாது. மனத்துக்குள் எல்லாப் பக்கமும் யோசித்துவிட்டு, அக்கா கடையில் இருந்த அரிசிப் பையைத் தூக்கிப் புடவையில் வைத்தேன். "முதல்ல இதை ஆட்டிப் பாக்கலாம்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "கொயந்தய போடுன்னா அரிசி மூட்டைய போடுறா! யப்பா தம்பி, எப்டி இவகூட குடும்பம் நடத்துற?"

"பழகிருச்சுங்க்கா" என்றார் என் கணவர்.

அரிசிப் பை பத்திரமாகப் பறந்தது. அதன் பிறகு மகளைக் கிடத்தினோம். ஒரு முனையை அக்கா பிடித்தார். மறுமுனையைக் கணவரிடம் கொடுக்கப் போன நான், கொடுக்கவில்லை. உள்ளங்கை இரண்டும் மேலே பார்க்க, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, நானே பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணு, ரெண்டு" என்றார் கணவர். மூன்றுக்கு முன்னாலேயே துணிக்குள்ளிருந்து "பற!" என்று கத்தல் வந்தது.

குட்டையின் மேல் அவள் போனாள், வந்தாள். தண்ணீருக்குள் இன்னொரு புடவை போனது, வந்தது. அவள் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். என் முழங்கையில் லேசாக வலித்தது. லேசான என்றால் எவ்வளவு என்று அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது போல இருந்தது. இறக்கும்போது மெதுவாக இறக்கினேன், பாட்டிலை இறக்குவது போலவே.

"அன்னிக்கே சொன்னேன், பொடவைல போடுன்னு. கேட்டியா நீ?" என்றார் அக்கா.

"அன்னைக்கு அது மருந்துக்குங்க்கா."

"இன்னிக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவர் புடவையைத் தடவிப் பார்த்து, "அக்கா, நான் ஏறலாமா?" என்றார்.

"உனுக்கு மீன் வலை வோணும் தம்பி."

இப்போது அந்தப் புடவை எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. ஏரிக்கரைக்குப் போகும்போது மடித்துத் தோள்பையில் வைத்துக்கொள்கிறோம். சரிவில் ஆளுக்கு ஒரு முனை பிடித்து இறங்குகிறோம். எதிரே வருபவர்கள் இப்போதும் ஒதுங்குகிறார்கள், முன்பைவிட அதிகமாகச் சிரிக்கிறார்கள்.

தெருவில் அவள் கையைத் தளர்வாகப் பிடித்து நடக்கிறேன். அவள் திடீரென்று உட்கார்ந்தால் நானும் கூடவே உட்கார்ந்துவிடுகிறேன். கை நீளாமல் இருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். பூச்செடி, நாய்க்குட்டி, குமிழி என்று அவள் எதற்காக உட்கார்ந்தாளோ அதை இருவருமாகக் குந்தியிருந்து பார்க்கிறோம். போகிற வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. இது சரியான வழிதானா, குழந்தைக்குச் செல்லம் கொடுக்கிறேனா என்று தெரியவில்லை. ஆவடி சாலையைக் கடக்கும்போது நடுவில் உட்கார்ந்தால் என்ன செய்வது என்பதும் தெரியவில்லை. அங்கே மட்டும் இன்னும் தூக்கிக்கொள்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். சாலையைக் கடக்கும்போது உங்கள் குழந்தை உட்கார்ந்தால் உங்கள் கை என்ன செய்யும்? இழுக்குமா, விடுமா, கூடவே இறங்குமா? அதைவிட முக்கியமாக இன்னொன்று கேட்க வேண்டும். ஐந்து வயதில் அவள் முழங்கை வளையம் இறுகிவிடும். அதற்குள் என் நாணும் தேறிவிடும். இரண்டு கைகளையும் பிடித்துப் பழையபடி பறக்க விடலாம். ஆனால் அப்போதும் அவள் கேட்பாளா? ஐந்து வயதுக்குப் பிறகும் சரிவில் நின்று கையைத் தூக்கிய பிள்ளை உங்கள் வீட்டில் உண்டா? இருந்தால், கேட்பதை அது விட்டுவிடாமல் இருக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்று தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.